துணைக்கு வரும் ஆள்

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில், மலை அடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். இந்த வட்டாரத்து ஊர்களுக்கு ஜீப் சத்தத்தில்தான் விடியும். தூக்குவாளியோடு நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். காய் எடுப்பு, களையெடுப்பு, கவாத்து என்று பருவத்துக்கு ஒரு வேலை. பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறக்கம். புதிய தோட்டத்துக்கு முதல்முறை போகிற பெண் பக்கத்து வீட்டில் கேட்பது ஒன்றுதான்: “துணைக்கு வர்றியாக்கா?”

ஆஸ்பத்திரிக்கு, தாலுகா ஆபீசுக்கு, இருட்டிய பிறகு பஸ் நிறுத்தத்துக்கு என்று எதற்கும் துணை கேட்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. துணைக்கு வருகிறவர் நம் சுமையை வாங்கிக்கொள்வதில்லை. எங்கே போக வேண்டும் என்பதையும் அவர் முடிவு செய்வதில்லை. கூட நடக்கிறார், பேச்சுக் கொடுக்கிறார், பாதையில் எதுவும் கிடந்தால் சொல்கிறார். உளச்சிகிச்சை குறித்த ஆய்வுகள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்திருக்கும் இடம் இந்தத் துணைக்கு வருதலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நாம் வைத்த பெயர் ‘மனநல ஆலோசனை’. செய்கிறவர் ‘ஆலோசகர்’. பெயரே ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடுகிறது. ஆலோசனை சொல்பவர் எதிரே உட்கார்ந்தால் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறென்ன வேலை?

இலங்கைத் தமிழர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘உளவளத்துணை’. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ‘சாந்திகம்’ போன்ற அமைப்புகளும், போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரும் சேர்ந்து வளர்த்த துறை அது. பேரதிர்ச்சி உள்ளத்தில் விட்டுச்செல்லும் காயத்துக்கு ‘மனவடு’ என்ற சொல் அங்கே நிலைத்தது. உளவளம் என்றால் உள்ளத்தில் ஏற்கெனவே இருக்கும் வளம். அதற்குத் துணை நிற்பவர் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை. ‘ஆற்றுப்படுத்தல்’ என்றும் அங்கே சொல்வார்கள். ஆற்றுப்படையில் வருகிற பாணன், தான் நடந்து வந்த வழியை இன்னொரு பாணனுக்குச் சொல்கிறவன். மேலே நின்று கட்டளையிடும் அரசன் அல்லன். சொல்லை யாழ்ப்பாணத்தாரிடம் கடன் வாங்கினாலே நம் பாதி வேலை முடிந்துவிடும் என்று சில நேரம் தோன்றுகிறது. மீதிப் பாதி அவ்வளவு எளிதில்லை.

வெளிநாட்டு வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தன்னிடம் வருகிறவரை ‘நோயாளி’ என்று அழைப்பதை 1940களிலேயே விட்டுவிட்டார். 1951இல் வெளியான அவரது நூல், வருகிறவரையே மையமாக வைத்த சிகிச்சையை விரித்துப் பேசியது. ஆரன் பெக்கின் அறிவுசார் சிகிச்சையில், “எல்லாரும் என்னை வெறுக்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னால் சிகிச்சையாளர் அதை மறுத்து வாதாட மாட்டார். இருவரும் சேர்ந்து அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வாளர்களாக உட்காருவார்கள். 1979இல் எட்வர்ட் போர்டின் இந்த உறவை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையில் ஒரு பிணைப்பு. 1990களில் ஹார்லீன் ஆண்டர்சனும் ஹாரி கூலிஷியனும் இன்னும் ஒரு படி போய், தன் வாழ்க்கையில் நிபுணர் வந்தவரே, சிகிச்சையாளர் ‘தெரியாதவராக’ உட்கார வேண்டும் என்றார்கள்.

இவையெல்லாம் நல்லெண்ண வாசகங்கள்தானா, சான்று உண்டா? 2018இல் கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகரும் அவரது குழுவினரும் 295 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சிகிச்சைத் தரவு அதில் அடங்கியது. இருவருக்குமிடையே கூட்டுறவு வலுவாக இருந்த இடங்களில் பலனும் கூடுதலாக இருந்தது. ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.28. பெரிய எண் இல்லைதான். பலனில் காணும் வேறுபாட்டில் எட்டு விழுக்காடு அளவைத்தான் அது விளக்கும். குணமாகத் தொடங்கியவர் அந்த நன்றியிலேயே உறவுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கலாம் என்ற ஐயமும் நியாயமானது. ஆனால் எந்த முறைச் சிகிச்சை, எந்த நாடு என்று பாராமல் திரும்பத் திரும்பத் தென்படும் தொடர்பு இது.

இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து போடியில் இறக்க முடியாது. அந்தச் சிக்கலை முதலில் நேருக்கு நேர் எழுதியவர்களில் ஒருவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி. பஞ்சாபிக் கவிஞராகவும் மனநல மருத்துவராகவும் இருந்தவர். இந்தியாவில் சிகிச்சைக்கு வருகிறவர் சிகிச்சையாளரைச் சமமான கூட்டாளியாக நினைத்து வருவதில்லை, குருவைத் தேடும் சீடராகவே வருகிறார் என்று 1973இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். இங்கே சார்ந்திருப்பது நோய்க்குறி அன்று. அதுவே உறவின் தொடக்கம். அவருக்கும் முன்பே, 1964இல், சூர்யாவும் ஜெயராமும் இந்திய நோயாளிகள் நேரடியான வழிகாட்டலை எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தனர். “நீங்களே யோசிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கும் ஆலோசகர், ராசிங்காபுரத்தில் ‘அக்கறை இல்லாத ஆள்’ என்று பெயர் எடுப்பார். அடுத்த வாரம் அவரிடம் யாரும் வர மாட்டார்கள்.

நேக்கி சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மை அன்று. குருவிடம் கேட்டுக்கொண்டு வருகிற அதே மனிதர், வீட்டுக்கு வந்து பாதியைத்தான் செய்வார். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, டாக்டர் கேட்டால் “சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்” என்று சொல்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எதிர்த்துப் பேச இடமில்லாத உறவில் மறுப்பு இப்படித்தான் வெளிப்படும். ஆகவே நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி ‘குருவா, கூட்டாளியா’ என்பதன்று. குருவாக நினைத்து வந்தவரைக் கூட்டாளியாக ஆக்கி அனுப்புவது எப்படி?

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இது கட்டமைத்த காட்சி, எந்த ஒரு தனி மனிதரின் கதையும் அன்று. அதன் ஒவ்வொரு கூறும் இப்பக்கத்தில் அன்றாடம் காணக்கூடியது. நாற்பது வயதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருவர் வருகிறார். இரண்டு மூன்று மாதமாகத் தூக்கமில்லை. நெஞ்சு படபடப்பு. இசிஜி எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்றார்கள். மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. “எனக்கென்ன பைத்தியமா?” என்று மகனிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

நம் மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்வி “என்ன செய்யுது?” என்பது. இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். உனக்கு என்ன நோய் என்று அது கேட்பதில்லை. ஏதோ ஒன்று உன்னை என்னவோ செய்கிறது, அது என்ன என்று கேட்கிறது. தமிழ் இலக்கணமே இப்படித்தான். எனக்குக் கோபம் வருகிறது, பயம் பிடித்துக்கொண்டது, கவலை அரிக்கிறது. உணர்ச்சி எங்கிருந்தோ வருகிறது. நான் அது வந்து சேரும் இடம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1990இல் எழுதிய நூலில், சிக்கலை மனிதரிடமிருந்து பிரித்து வெளியே வைத்துப் பேசுவதை ஒரு சிகிச்சை உத்தியாகவே முன்வைத்தார்கள். நீ சிக்கல் இல்லை, சிக்கல்தான் சிக்கல் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது. தமிழில் நான்காம் வேற்றுமை அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அந்த வாய்ப்பைக் கெடுப்பது, அவர் சொல்லி முடிப்பதற்குள் ‘உங்களுக்கு டிப்ரஷன்’ என்று எழுதிவிடும் அவசரம்.

அந்த அம்மா சொல்வது, “ஒரே ரோசனையா இருக்கு தாயி.” இந்த ‘ரோசனை’ அவருடைய நோய்ப்பெயர். அதையே வைத்துக்கொண்டு ஆலோசகர் மேலே கேட்கலாம். ரோசனை எப்போது வருகிறது? வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? எது செய்தால் போகிறது? இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டுகிறது, மகள் கல்யாணக் கடன் நினைவுக்கு வருகிறது, அப்புறம் நான்கு மணிக்கு எழுந்து உலை வைக்கும் வரை தூக்கம் இல்லை. அடுத்து, என்ன சரியானால் போதும் என்று கேட்டால் வரும் பதில் பாடநூலில் இருக்காது. ‘மனச்சோர்வு குறைய வேண்டும்’ என்று யாரும் சொல்வதில்லை. “மகன்கிட்ட எரிஞ்சு விழாம இருக்கணும்.” போர்டின் சொன்ன முதல் உடன்பாடு இதுதான். இலக்கு அவருடையது, அவருடைய சொல்லில்.

இரண்டாவது உடன்பாட்டில்தான் வழுக்கும். பயிற்சிக் கையேட்டை நன்றாகப் படித்த இளம் ஆலோசகர், “தினமும் காலையில் அரை மணி நேரம் நடங்கக்கா” என்கிறார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வருகிறது. “நாள் பூராம் மேட்டுலயும் பள்ளத்துலயும்தானே நடக்கேன்? இன்னும் எங்க போயி நடக்க?” இந்தச் சிரிப்பு வந்ததே சிகிச்சையின் நல்ல அறிகுறி, மறுக்கலாம் என்ற தைரியம் அவருக்கு வந்துவிட்டது. ஆலோசகரும் சேர்ந்து சிரித்து, “தப்புத்தான், அப்ப நீங்களே சொல்லுங்க, முன்னாடி எது செஞ்சா மனசு லேசாகும்?” என்று கேட்டால் வேறு வாசல் திறக்கும். முன்பெல்லாம் ஜீப்பில் நடுச் சீட்டில் உட்கார்ந்து கூட்டாளிகளோடு வம்பு பேசிக்கொண்டே போவார். கல்யாணக் கடன் விஷயம் ஊருக்குத் தெரிந்த பிறகு ஓரமாக உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். வாரத்தில் இரண்டு நாளாவது நடுச் சீட்டுக்குத் திரும்புவது. வளைவுக்கு வளைவு மூச்சை இழுத்து அடுத்த வளைவில் விடுவது. இப்படி ஒரு வீட்டுப்பாடம் எந்தக் கையேட்டிலும் கிடையாது. மலைப்பாதையை அறிந்தவர் அந்த அம்மா, மூச்சுப் பயிற்சியை அறிந்தவர் ஆலோசகர். இருவரும் சேராமல் இது உருவாகாது.

‘ரோசனை’க்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவுக்காரி இருக்கிறாள். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு மக்கள் சொல்லும் சொல் ‘குஃபுங்கிசிசா’. மிகையாக யோசிப்பது என்று பொருள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயின் எம்பாரே பகுதியில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில் உட்காரவைத்தார். முதலில் அதற்கு ‘மனநல பெஞ்சு’ என்று பெயரிட்டதாகவும், அந்தப் பெயரில் யாரும் வந்து உட்காரவில்லை என்றும், பாட்டிகள் சொல்லித்தான் ‘நட்பு பெஞ்சு’ ஆனதென்றும் அவர் சொல்லியிருக்கிறார். வருகிறவர் தன் தொல்லைகளை எல்லாம் சொல்வார். அதில் எதை முதலில் எடுப்பது என்பதை அவரே தேர்ந்தெடுப்பார். அந்த ஒன்றுக்கு மட்டும் இருவரும் வழி தேடுவார்கள். 24 மருத்துவமனைகளில் 573 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2016இல் வெளியானது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

இந்தியாவிலும் சான்று உண்டு. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட எளிய பேச்சுச் சிகிச்சை ஒன்றை வகுத்தார்கள். தந்தவர்கள் மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்கள். விட்டுப்போன பழக்கங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்புவது அதன் மையம்; நடுச் சீட்டுக்குத் திரும்புவதும் அந்த வகைதான். மூன்று மாதத்தில், சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு. 2017இல் வந்த இந்த முடிவு முக்கியமானது. ஏனென்றால் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி சிகிச்சை தேவைப்படும் பத்துப் பேரில் ஏழுக்கும் மேற்பட்டோருக்கு அது கிடைப்பதே இல்லை. பட்டம் பெற்றவர்கள் மட்டுமே பார்க்க வேண்டுமென்றால் போடி மலையடிவாரத்துக்கு முறை வர இன்னும் எத்தனை காலம் ஆகுமோ.

ஆலோசகரிடம் வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் போகும் இடங்கள் வேறு. கோடாங்கியிடம் குறி கேட்பார்கள். உடுக்கை அடித்து அவர் ஒன்று சொல்ல, சுற்றி உட்கார்ந்த குடும்பம் “ஆமா சாமி” என்னும் அல்லது பேசாமல் இருக்கும். பேசாமல் இருந்தால் கோடாங்கி வழியை மாற்றுவார். சண்டை போட்டுப் பிரிந்த பங்காளி, கும்பிடாமல் விட்ட குலதெய்வம், செத்துப்போன மூத்தாள் என்று பேச்சு நகர்ந்து நகர்ந்து குடும்பம் ஒப்புக்கொள்ளும் ஒரு கதையில் வந்து நிற்கும். கூட்டாகக் கதை கட்டுதல் என்ற அளவில் இதில் ஒரு கைத்திறன் உண்டு. ஆனால் அந்தக் கதையில் பாதிக்கப்பட்ட பெண்ணின் குரல் எங்கே என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் மாமியாரின் குரல்தான் கேட்கும்.

கோயில்களைப் பற்றி இன்னும் கவனமான சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை ரகுராமும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சடங்கு என்று தனியாக எதுவும் இல்லை. வீட்டார் ஒருவரோடு தங்குவது, கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி அளவீடு ஏறத்தாழ 20 விழுக்காடு இறங்கியிருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு, இதைக் கொண்டு பெரிய கோட்டை கட்டக் கூடாது. இதற்கு ஓராண்டு முன்புதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். நம்பிக்கையின் பேரில் ஒருவரைக் கொண்டுவந்து விடும்போது அவர் கதவைத் திறந்து வெளியே போக முடியுமா என்பது முதல் கேள்வி. எத்தனை அன்பான இடமானாலும் அதற்குப் பிறகுதான் மற்றது.

குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டு அறைக்குள் இருவர் மட்டும் பேசும் முறை நம் ஊரில் பாதிதான் பொருந்தும். 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், இடமில்லாத மனநல மருத்துவமனையில் கூடாரம் போட்டு நோயாளிகளோடு உறவினரையும் தங்கவைத்தார். 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு பாகாயத்தில் அதையே நிலையான முறையாக்கியது. உலக அளவில் புதுமையாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. வீட்டார் பக்கத்திலேயே இருந்து பார்த்தால் நோயைப் பற்றிய பயம் போகும், திரும்பப் போன பிறகு மாத்திரை நிற்காது. ஆனால் வீட்டார் வாயைத் திறந்தால் நோயாளி வாயை மூடிவிடுவார். “அவ அப்படித்தான் டாக்டர், சின்னதுலேருந்தே” என்று தொடங்கும் கணவரை எங்கே நிறுத்துவது, எப்போது உள்ளே விடுவது என்பது கூட்டுச் சிகிச்சையின் மிகக் கடினமான பகுதி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் ஒரு நல்ல கோட்டைப் போட்டிருக்கிறது. தன் சார்பில் பேச யார் வேண்டும் என்பதை நோயாளியே நியமிக்கலாம். தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம். இந்த இரண்டு உரிமைகளும் எத்தனை ஜீப் பயணிகளுக்குத் தெரியும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சேர்ந்து செய்வது என்றால் எல்லாவற்றையும் பேசவைப்பது என்று அர்த்தமில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளூர்க்காரர்கள் இருட்டில் ஏறிப் போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கிவந்தார்கள். இப்படி ஒரு நிகழ்வுக்குப் பிறகு ஆட்களை உட்காரவைத்து “நடந்ததை முழுசாச் சொல்லுங்க, சொன்னாத்தான் பாரம் இறங்கும்” என்று கேட்பது ஒரு காலத்தில் சிறந்த முறையாகக் கருதப்பட்டது. 2002இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, அப்படி ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பது பின்னாளைய மனவடுவைத் தடுப்பதில்லை என்று காட்டியது. சிலருக்குக் கேடு செய்திருக்கவும் கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011 கையேடு அதனால் வேறு வரிசை சொல்கிறது: பார், கேள், தேவையான இடத்தோடு இணைத்துவிடு. பேச வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. எழவு வீட்டில் ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவரும் நம் பெரியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

பேச்சுக்கும் முன்னால் வைக்க வேண்டிய வேலைகளும் உண்டு. ஏலக்காய் விலை 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது; மூன்று ஆண்டுக்குள் ஆயிரத்தைச் சுற்றி வந்து விழுந்தது. அந்த உச்சியை நம்பிக் குத்தகை எடுத்தவர்கள் பலர். ஏலச்செடிக்கு மருந்தடிப்பது அடிக்கடி என்பதால் பூச்சிமருந்து வீட்டு மூலையிலேயே இருக்கும். ஒரு கணத்து வேதனையில் அது கைக்கு எட்டுவதுதான் ஆபத்து. சென்னையில் 1986இல் ‘ஸ்நேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதற்கு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில், ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள தனிப் பெட்டியில் வைக்கும் ஏற்பாடு. 2013இல் அந்த ஆய்வு வெளியானது. யாரையும் சந்தேகப்படவில்லை, மருந்தைப் பறிக்கவும் இல்லை, ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே சில நிமிட நடை தூரம் உண்டாயிற்று. அந்தச் சில நிமிடம் உயிரைக் காக்கும். என்னைக் கேட்டால் போடி ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சிக்கும் இந்தக் கிடங்கு, எந்த விழிப்புணர்வுப் பேரணியைவிடவும் முன்னதாக வர வேண்டும்.

இனி, இடையூறுகள். கூட்டுறவு எல்லா நோய்க்கும் மருந்தாகாது. குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்கிற நிலையில் மாத்திரைதான் முதலில். உரையாடல் அதைத் தொடர்ந்து சாப்பிட உதவும். இன்னொன்று சாதி. வந்தவரை இயல்பாக்குவதாக நினைத்து ஆலோசகர் கேட்கும் “எந்த ஊரு? எந்தத் தெரு?” என்ற இரண்டாவது கேள்வி எதற்கு என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பிறகு வரும் பதில்களெல்லாம் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். யாரை ‘வாங்க’ என்கிறோம், யாரை ‘வா’ என்கிறோம், யாருக்கு நாற்காலி, யாருக்கு பெஞ்சு. நம் ஆலோசகர் பயிற்சிகளில் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். ரகசியமும் அப்படித்தான். காத்திருப்பு பெஞ்சில் உட்காரும் நால்வரில் இருவர் ஒரே ஜீப்பில் வருகிறவர்களாக இருக்கும் ஊரில், ‘மனநலப் பிரிவு’ என்ற பலகையே ஒரு செய்தி ஒலிபரப்பு.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் திருச்சியில் தொடங்கிப் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் வந்திருக்கிறது. தேனி மாவட்டத்தில் பெரிய சிகிச்சைக்கு க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற கட்டணமில்லாத மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் அந்தச் சேவைக்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆலோசனை என்ற சொல் இல்லாத அந்தப் பெயர் நல்ல பெயர்.

குறை நேரத்தில் இருக்கிறது. ராசிங்காபுரம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் மனநலப் பிரிவுக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். கடனால் தூக்கம் கெட்டவருக்கு நாம் எழுதிக்கொடுக்கும் முதல் மருந்தே இன்னொரு நாள் வருமானமின்மை. வாரம் ஒரு மாலை, ஜீப்புகள் இறங்குகிற நேரத்துக்கு, ஊருக்குள்ளேயே ஓர் ஆள் வந்து உட்கார வேண்டும். பலகை வேண்டாம், பெஞ்சு போதும். தேனி மாவட்ட மனநலத் திட்டத்தை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், அந்த மாலை எந்தக் கிழமை என்பதை அவர்களாக முடிவு செய்துவிடாமல், ஜீப்பில் வருகிறவர்களிடம் கேட்டு வைக்கவும்.